முதியோர் இல்ல நடத்துநர் சங்கத்துக்கு மூன்றாண்டுத் திட்டம்: எதை முதலில் எடுப்பது?

கேள்வி: சங்கச் செயலாளர், மதுரை

அனைவருக்கும் வணக்கம். மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை ஆகிய ஐந்து மாவட்டங்களில் முதியோர் இல்லம் நடத்துவோரும், வீட்டுக்கே பராமரிப்பாளரை அனுப்பும் ஏஜென்சி நடத்துவோரும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்து, அதைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ்ப் பதிவு செய்திருக்கிறோம். இதுவரை சங்கம் செய்த வேலை ஆண்டுப் பொதுக்குழு, அக்டோபர் 1 முதியோர் தின விழா, அவ்வப்போது மாவட்ட ஆட்சியரிடம் ஒரு மனு என்ற அளவில்தான் நிற்கிறது. அடுத்த மூன்று ஆண்டுகளுக்குச் சங்கம் எந்தத் திசையில் போக வேண்டும் என்று ஒரு திட்டம் வகுத்துத் தருமாறு கடந்த பொதுக்குழு செயற்குழுவைப் பணித்தது.

செயற்குழு அழகர்கோவில் சாலையில் உள்ள ஓர் உறுப்பினரின் இல்லத்தில் கூடிப் பேசியதில் நீண்டதொரு பட்டியல் கிடைத்தது, திட்டம் கிடைக்கவில்லை. அறக்கட்டளையாக இல்லம் நடத்துவோர் அரசு மானியமும், மின்கட்டணம், சொத்து வரி ஆகியவற்றில் சலுகையும் வேண்டும் என்கிறார்கள். கட்டண இல்லங்களை நடத்துவோர், ஒருவர் விலையை ஒருவர் குறைத்துக்கொண்டே போவதால் தொழிலே நலிகிறது என்றும், தனி அறைக்கு இவ்வளவு, பொது அறைக்கு இவ்வளவு என்று சங்கமே ஒரு மாதக் கட்டணத்தை அறிவிக்க வேண்டும் என்றும் வற்புறுத்துகிறார்கள். ஏஜென்சி நடத்துவோரின் கவலை வேறு: பயிற்சி கொடுத்து வளர்த்த பராமரிப்பாளரை அடுத்த இல்லம் கூடுதல் சம்பளம் சொல்லி அழைத்துக்கொள்வதைச் சங்கம் தடுக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. இவற்றோடு சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம், மாத இதழ், இணையதளம், மாநில மாநாடு என்பனவும் பட்டியலில் சேர்ந்துவிட்டன. எங்களுக்கு வருமானம் உறுப்பினர் சந்தா ஒன்றே. முழுநேர ஊழியர் ஒருவரும் இல்லை.

தேவை பெருகும் என்பதில் எங்களில் யாருக்கும் ஐயமில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 10.4 விழுக்காடாக இருந்த 60 வயதைக் கடந்தோர், 2031-இல் 18.2 விழுக்காடாக இருப்பார்கள் என்று மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு 2020-இல் கணித்திருக்கிறது. எங்கள் பக்கத்து ஊர்களிலும் பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, வளைகுடா என்று போய்விட, பெற்றோர் மட்டும் இருக்கும் வீடுகள் ஆண்டுதோறும் கூடிவருவதை நாங்களே பார்க்கிறோம். ஆகவே இந்த மூன்று ஆண்டுகளை வீணாக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

இவ்வளவு மாறுபட்டவர்கள் ஒரே சங்கத்தில் இருப்பது சரிதானா? பட்டியலில் எதை எடுப்பது, எதை விடுவது? வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை அமர்த்த வேண்டுமா? தொழில் சங்கங்களில் அனுபவம் உள்ளவர்களும், முதியோர் பராமரிப்பை அறிந்தவர்களும் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: முன்னாள் தொழில் சங்க நிர்வாகி, மதுரை

செயலாளர் ஐயாவுக்கு வணக்கம். மதுரைக்குத் தொழில் சங்கம் புதிதல்ல. தமிழ்நாடு தொழில் வர்த்தகச் சங்கம் 1924-லேயே இங்கே தொடங்கப்பட்டது. சிறுதொழில்களுக்கு மடீட்சியா என்ற சங்கம் இருக்கிறது. வேறொரு தொழிலின் சங்கத்தில் நான் நெடுங்காலம் பொறுப்பில் இருந்தவன் என்பதால், அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். ஆனால் உங்கள் தொழிலுக்கு மற்றத் தொழில்களில் இல்லாத ஓர் இயல்பு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கட்டணம் கட்டுபவர் ஒருவர், அங்கே வாழ்பவர் இன்னொருவர். வாழ்பவர் பல நேரங்களில் குறை சொல்லவும் இயலாத நிலையில் இருப்பவர். எனவே உறுப்பினர் நலனை மட்டும் வைத்து எழுதப்படும் திட்டம் உங்கள் சங்கத்துக்குப் போதாது.

ஒரே சங்கமா, பல சங்கங்களா என்ற கேள்வி உங்களுக்கு மட்டும் எழுந்ததன்று. அமெரிக்காவில் இலாப நோக்கற்ற முதியோர் இல்லங்கள் 1961-இலிருந்து தனிச் சங்கமாக இயங்குகின்றன. லீடிங்ஏஜ் என்பது அதன் இன்றைய பெயர். கட்டண அடிப்படையில் இயங்கும் முதியோர் குடியிருப்பு நிறுவனங்களுக்கு ஆர்ஜெண்டம் என்ற வேறு சங்கம் இருக்கிறது. அங்கே இரண்டு சங்கங்களையும் தாங்குமளவுக்கு உறுப்பினர்களும் பணமும் உண்டு. ஐந்து மாவட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு நீங்கள் பிரிந்தால் இரண்டு சங்கங்களும் பெயர்ப்பலகையோடு நின்றுவிடும் என்றே அஞ்சுகிறேன். ஒன்றாக இருங்கள், ஆனால் உறுப்பினர் வகைகளைத் துணை விதிகளில் தெளிவாகப் பிரித்து எழுதுங்கள். இலவச இல்லத்துக்குச் சந்தா குறைவாக இருக்கலாம், வாக்கு குறையக் கூடாது. மருந்து, கட்டில், டயப்பர் விற்பவர்களை இணை உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொள்ளலாம். அவர்களுக்கு வாக்குரிமை வேண்டாம்.

இனி, எதை எடுப்பது என்பதற்கு வருகிறேன். உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் எடுத்து, இதை ஓர் உறுப்பினர் தனியாகச் செய்துகொள்ள முடியுமா என்று கேளுங்கள். முடியுமென்றால் அது சங்கத்தின் வேலையாக இருக்கத் தேவையில்லை. இணையத்தில் விளம்பரத்தை அவரவர் செய்துகொள்ளலாம். மாத இதழுக்கு எழுத ஆள் கிடைப்பது முதல் ஆண்டோடு நின்றுவிடும். கட்டடத்தைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு: கட்டடம் கட்டத் தொடங்கிய சங்கத்தில் நிர்வாகிகளின் நேரம் முழுவதும் நன்கொடை வசூலிலும் வரைபட அனுமதியிலும் போய்விடும், மூன்றாண்டுத் திட்டத்தில் அதற்கு இடமே கொடுக்காதீர்கள்.

தனியாகச் செய்ய முடியாதது எது? இத்தொழிலின் மேல் மக்களுக்கு உள்ள நம்பிக்கையைக் காப்பது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரித்தது. அப்பகுதிக் காப்பகங்கள் மூடப்பட்டன. 2023-இல் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காப்பகத்தைப் பற்றி வெளிவந்த செய்திகளை நாம் யாரும் மறந்திருக்க முடியாது. எங்கோ ஓர் இடத்தில் நடக்கும் கொடுமைக்காக, ஒழுங்காக நடத்தும் இல்லங்களின் வாசலிலும் அதிகாரிகள் வந்து நிற்பார்கள். பிள்ளைகள் தொலைபேசியில் அழைத்து அம்மாவின் முகத்தைக் காட்டச் சொல்வார்கள். அந்த நேரத்தில், எங்கள் உறுப்பினர்கள் இன்னின்ன தரத்தைக் கடைப்பிடிக்கிறார்கள், இன்ன தேதியில் சரிபார்த்தோம் என்று சொல்ல உங்களிடம் ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் மூன்றாண்டுத் திட்டத்தின் முதல் வேலை அதுவே.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்துக்கு 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா கொண்டுவரப்பட்டது. தனியார் இல்லங்களும் வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களும் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்சத் தரங்களைப் பின்பற்ற வேண்டும் என்பன அதில் இருந்தன. அது நிறைவேறாமல் 2024-இல் மக்களவை கலைந்தபோது காலாவதியாகிவிட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் முதியோர் பராமரிப்புச் சீர்திருத்தம் பற்றி நிதி ஆயோக் ஒரு விரிவான அறிக்கை வெளியிட்டது. விதிகள் இன்னும் இறுகும் என்று எண்ணித்தான் நாம் திட்டமிட வேண்டும். உறுப்பினர்கள் கடைப்பிடிக்க வேண்டிய தரங்களை எழுதிவைத்து, தனக்கென்று ஒரு தர ஏட்டை வைத்திருக்கும் சங்கத்தைக் கூப்பிட்டு அரசு கருத்துக் கேட்கும். சலுகை மனு மட்டும் வைத்திருக்கும் சங்கத்தின் மனு கோப்பில் சேரும்.

ஆலோசகர் குறித்து: பெருந்தொகை கொடுத்து யாரையும் அமர்த்தாதீர்கள். எந்த உறுப்பினருக்கும் வேண்டியவரோ வேண்டாதவரோ அல்லாத ஒருவர் கூட்டத்தை நடத்திக் கொடுத்தால் போதும். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரோ, அழகர்கோவில் சாலை சமூக அறிவியல் கல்லூரியின் ஆசிரியர் ஒருவரோ ஒப்புக்கொள்ளக்கூடும். அதற்கு முன் செயற்குழு உறுப்பினர்கள் உசிலம்பட்டி, மேலூர், பெரியகுளம், சிவகாசி என்று உறுப்பினர்களின் இடத்துக்கே போய்க் கேட்டுவர வேண்டும். கூட்டத்துக்கு வந்து கைதட்டிவிட்டுப் போகும் உறுப்பினர், தன் இல்லத்தின் சமையலறை வாசலில் நின்று பேசும்போதுதான் உண்மையான இடரைச் சொல்வார். சித்திரைத் திருவிழாவை ஒட்டி இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். இல்லங்களில் ஆள் பற்றாக்குறை மிகும் காலம் அது.

மறுமொழி: பட்டயக் கணக்கர், திண்டுக்கல்

மேலே ஐயா எழுதியதை ஏற்கிறேன். ஆனால் அவர் தொடாத ஒன்றைப் பற்றி உடனடியாக எச்சரிக்க வேண்டியிருக்கிறது. சங்கமே மாதக் கட்டணத்தை அறிவிப்பது என்ற கோரிக்கையைத் திட்டத்திலிருந்து நீக்குவது மட்டும் போதாது. அது தொடர்பான தீர்மானம் எதுவும் கூட்டக் குறிப்பில் ஏறாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். போட்டிச் சட்டம், 2002-இன் 3-ஆவது பிரிவு, ஒரே தொழிலில் உள்ளவர்கள் சேர்ந்து நேரடியாகவோ மறைமுகமாகவோ விலையை நிர்ணயிப்பதைப் போட்டிக்குக் கேடு விளைவிப்பதாகவே கருதிக்கொள்கிறது. தொழில் சங்கத்தின் முடிவுகளும் அதில் அடங்கும். அபராதம் விற்றுமுதலில் 10 விழுக்காடு வரை போகலாம் என்பதோடு, நிர்வாகிகள் தனிப்பட்ட முறையிலும் பொறுப்பாவார்கள். மருந்து வணிகர் சங்கங்கள் மீது இந்தியப் போட்டி ஆணையம் நடவடிக்கை எடுத்ததைப் பலரும் அறிவார்கள். குறைந்தபட்சக் கட்டணம், பரிந்துரைக் கட்டணம், வழிகாட்டு விலை என்று எந்தப் பெயரில் சொன்னாலும் அதன் தன்மை மாறாது. ஒருவருடைய ஊழியரை மற்றவர் எடுக்கக் கூடாது என்று உறுப்பினர்கள் கையெழுத்திடுவதும் அதே ஆபத்தான பாதைதான். தர ஏடு, பயிற்சி, மாதிரி ஒப்பந்தம் ஆகியவற்றுக்கு இத்தகைய தடை இல்லை.

வரி குறித்து இரண்டு செய்திகள். முதலாவது உறுப்பினர்களுக்கானது. வருமான வரிச் சட்டத்தின்கீழ் அறநிறுவனமாகப் பதிவு பெற்ற அமைப்பு நடத்தும் முதியோர் இல்லம், 60 வயது நிரம்பியவரிடம் உணவு, தங்குமிடம், பராமரிப்பு அனைத்தும் சேர்த்து மாதம் 25,000 ரூபாய் வரை பெறும் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. 2018 ஜூலையில் வந்த அறிவிக்கை அது. தனியார் கட்டண இல்லங்களுக்கு இந்த விலக்கு பொருந்தாது. நியாயமான ஒரு கோரிக்கையைச் சங்கம் அரசிடம் வைக்க வேண்டுமென்றால் இதிலிருந்து தொடங்கலாம். 25,000 என்ற வரம்பு பல ஆண்டுகளுக்கு முன் வகுத்தது என்பதையும், இல்லத்தின் அமைப்புமுறையைப் பார்க்காமல் முதியவர் கட்டும் தொகையைப் பார்த்து விலக்குத் தரலாம் என்பதையும் எண்களோடு எழுதுங்கள்.

இரண்டாவது செய்தி சங்கத்துக்கானது. உறுப்பினரும் சங்கமும் ஒன்றே, ஆகவே சந்தாவுக்கு வரியில்லை என்ற பழைய நம்பிக்கையோடு இருக்க வேண்டாம். 2021-ஆம் ஆண்டு நிதிச் சட்டம், சங்கம் தன் உறுப்பினர்களுக்குச் செய்யும் சேவையையும் 2017 ஜூலை 1 முதலே ஜிஎஸ்டிக்குள் கொண்டுவந்துவிட்டது. மொத்த வரவு ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். பயிற்சிக் கட்டணம், கண்காட்சி அரங்கு வாடகை என்று வருமானத்தைப் பெருக்கத் திட்டமிடும்போது இதை மனத்தில் கொள்ளுங்கள்.

மறுமொழி: இல்லத்தில் வாழும் ஒருவரின் மகள், திருமங்கலம்

நான் இந்தத் தொழிலைச் சேர்ந்தவள் அல்லள். என் தாயார் இப்போது ஒரு கட்டண இல்லத்தில் நலமாக இருக்கிறார். அதற்கு முன் வேறோர் இல்லத்தில் இருந்தார். அங்கே சேர்க்கும்போது டெபாசிட்டாகப் பெருந்தொகை கட்டினோம். வேறிடத்துக்கு அழைத்துச் செல்ல முடிவு செய்து பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பராமரிப்புச் செலவு, அறைக்கு வெள்ளையடித்த செலவு என்று கழித்துக்கொண்டே போனார்கள். கையெழுத்திட்ட தாளில் எதுவும் தெளிவாக இல்லை. இரவில் அம்மாவுக்கு மூச்சுத்திணறல் வந்தால் யார் மருத்துவமனைக்கு அழைத்துப் போவார்கள், அங்கே உடன் யார் இருப்பார்கள், முன்பணம் யார் கட்டுவார்கள் என்று எந்த வரியும் அதில் இல்லை.

உங்கள் சங்கம் மாநாடு நடத்துகிறதா, இதழ் வெளியிடுகிறதா என்பது எங்களைப் போன்ற குடும்பங்களுக்குத் தெரியாது. உங்கள் உறுப்பினர் இல்லங்கள் அனைத்திலும் ஒரே மாதிரியான, எங்களுக்குப் புரியும் தமிழில் எழுதப்பட்ட ஒப்பந்தம் இருக்கிறது என்று தெரிந்தால் அந்த இல்லங்களைத்தான் முதலில் தேடிவருவோம். தயவுசெய்து உங்கள் திட்டத்தை எழுதும்போது, இல்லங்களில் வாழ்பவர்களிலும் அவர்களுடைய குடும்பத்தாரிலும் சிலரையாவது அழைத்துக் கேளுங்கள். நடத்துபவர்கள் மட்டும் கூடிப் பேசினால் கட்டணம்தான் முதல் பேச்சாக வரும்.

மறுமொழி: செயலாளர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கட்டண அறிவிப்பை விட்டுவிடுவது என்று தலைவரும் நானும் முடிவு செய்துவிட்டோம். கணக்கர் ஐயாவின் மறுமொழியைச் செயற்குழுவில் வாசிக்கப் போகிறேன். திருமங்கலம் அம்மா எழுதிய டெபாசிட் பிரச்சினை எங்கள் உறுப்பினர்கள் சிலரிடமும் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2019-இல் ஓய்வுக்கால இல்லங்களுக்கு வெளியிட்ட மாதிரி வழிகாட்டு நெறிகளை வாங்கிப் படித்தோம். அது பெரும்பாலும் வீடு கட்டி விற்கும் திட்டங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதால், எங்களைப் போன்ற வாடகைக் கட்டட இல்லங்களுக்கு அப்படியே பொருந்தவில்லை.

தர ஏடு குறித்துத்தான் எனக்குக் கவலை. ஊமச்சிகுளத்துக்கு அப்பால் ஒரு பழைய வீட்டைப் பிடித்து, கணவனும் மனைவியுமாகச் சமைத்துப்போட்டு, படுத்த படுக்கையாக இருப்பவர்களையும் பார்த்துக்கொள்ளும் உறுப்பினர்கள் எங்களிடம் உண்டு. அன்பில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் சாய்தளம், அவசர அழைப்பு மணி, தகுதி பெற்ற செவிலியர் என்று தரம் வகுத்தால் அவர்கள் வெளியேறிவிடுவார்கள். நகரத்துப் பெரிய இல்லங்கள் மட்டும் மிஞ்சும். அவர்களை இழக்காமல் தரத்தைக் கொண்டுவர வழி உண்டா?

மறுமொழி: செவிலியர், முதியோர் பராமரிப்புப் பயிற்றுநர், மதுரை

செயலாளர் ஐயாவின் கவலை நியாயமானது. ஆனால் தரம் என்றவுடன் அவர் கட்டடத்தை நினைத்துவிட்டார். முதியோர் பராமரிப்பில் உயிரைக் காப்பதும் பறிப்பதும் பெரும்பாலும் கட்டடம் சாராத செயல்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்தார்களா என்பதைப் பொறுத்துப் படுக்கைப்புண் வருவதும் வராததும் அமையும். சர்க்கரை மாத்திரையைக் கொடுத்துவிட்டு உணவு தாமதமானால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார். சித்திரை, வைகாசி வெயிலில் முதியவருக்குத் தாக உணர்வு குறைவு என்பதால், கேட்டால்தான் தண்ணீர் என்று விட்டுவிட்டால் உடலில் நீர் வற்றி மனக்குழப்பம் உண்டாகும். மறதிநோய் முற்றிவிட்டது என்று நாம் தவறாக எண்ணிக்கொள்வோம். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு எரிகிறதா, தரை ஈரமாக இருக்கிறதா என்பதைப் பொறுத்து இடுப்பெலும்பு தப்புகிறது.

இவற்றுக்கெல்லாம் தேவை பதிவேடு. சிறிய இல்லத்திலும் சில ஏடுகளை வைத்துக்கொள்ள முடியும்: யார் எப்போது விழுந்தார், யாருக்குப் படுக்கைப்புண், எந்த மருந்து எந்த வேளை கொடுக்கப்பட்டது, மாதந்தோறும் எடை எவ்வளவு, யாரை எப்போது மருத்துவமனைக்கு அனுப்பினோம். எடை ஏடு சாதாரணமாகத் தோன்றும். ஆனால் ஒருவர் தொடர்ந்து மெலிந்து வந்தால் பல் வலியா, விழுங்குவதில் சிரமமா, மனச்சோர்வா, ஊட்டிவிட ஆள் இல்லையா என்று தேட வைப்பது அதுதான். இந்த ஏடுகளைச் சங்கம் ஒரே வடிவில் அச்சிட்டு எல்லா உறுப்பினர்களுக்கும் கொடுத்தால் போதும். ஊமச்சிகுளத்துத் தம்பதியர் பெரிய இல்லங்களைவிட நன்றாகவே எழுதுவார்கள் என்பது என் கணிப்பு. ஆண்டுக்கு ஒருமுறை எல்லா இல்லங்களின் எண்ணிக்கையையும், பெயர் குறிப்பிடாமல், ஒன்றாகத் தொகுத்துப் பாருங்கள். நம் வட்டாரத்து இல்லங்களில் விழுதல் எவ்வளவு, எந்த நேரத்தில் மிகுதி என்று அப்போதுதான் முதன்முறையாகத் தெரியவரும். அரசிடம் பேசவும் பயிற்சியைத் திட்டமிடவும் அதைவிட வலுவான ஆவணம் உங்களிடம் இருக்காது.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஊசி, டிரிப் போன்ற சிகிச்சைகளை இல்லத்திலேயே கொடுப்பவர்கள், தங்களுக்குத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997 பொருந்துமா என்று மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபெற வேண்டும். சமூக நலத்துறைப் பதிவு, தீயணைப்பு, உணவுப் பாதுகாப்புப் பதிவு ஆகியவற்றில் எவருக்கும் சலுகை காட்டக் கூடாது. இவற்றுக்கான படிவங்களை நிரப்பத் தெரியாமல்தான் சிறியவர்கள் பலர் தள்ளிப்போடுகிறார்கள். சங்கம் அமர்த்தும் முதல் ஊழியர் இந்த வேலையைச் செய்பவராக இருக்கட்டும்.

பராமரிப்பாளர்கள் இடம் மாறுவதைப் பற்றி ஏஜென்சிக்காரர்கள் வருந்துவது எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்களைத் தடுக்க வழி தேடுவதற்கு முன் அவர்கள் ஏன் போகிறார்கள் என்று கேட்க வேண்டும். பேரையூர், உசிலம்பட்டி, கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் பெண்கள் பலர் கணவனை இழந்தவர்கள் அல்லது குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். 12 மணி நேர வேலை, சில வேளைகளில் இரவும் பகலும் சேர்த்து, நோயாளியின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துத் தூக்கம் என்று இருந்தால், ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் இடத்துக்குப் போகத்தான் செய்வார்கள். 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனத்துக்கு ஈ.எஸ்.ஐ. பொருந்தும், 20 பேரும் அதற்கு மேலும் இருந்தால் வருங்கால வைப்பு நிதியும் பொருந்தும் என்பதே பல ஊழியர்களுக்குத் தெரியாது. சில உரிமையாளர்களும் அதை நினைவில் கொள்வதில்லை. வாரத்தில் ஒரு நாள் முழு விடுப்பு, படுக்க ஓர் இடம், கையில் கிடைக்கும் ஒரு சான்றிதழ் ஆகிய மூன்றும் இருந்தால் நிலைப்பவர்கள் கூடுவார்கள் என்பது நான் பயிற்சி கொடுத்தவர்களிடம் கண்டது. சான்றிதழுக்குப் புதிதாகப் பாடம் எழுத வேண்டியதில்லை. சுகாதாரத் துறைத் திறன் மன்றத்தின்கீழ் ஹோம் ஹெல்த் எய்டு என்ற பயிற்சி ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தமிழில், வேலைக்கு இடையூறில்லாத நேரத்தில், இல்லத்திலேயே நடத்த ஏற்பாடு செய்வதுதான் சங்கத்தின் பணி.

அரசின் திட்டங்களோடும் இணையுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை மருந்துகளோடு இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் உண்டு. இலவச இல்லங்களின் பட்டியலைச் சுகாதாரத் துறையிடம் கொடுத்து, அந்த வருகைப் பட்டியலில் சேர்க்கக் கேட்கலாம். 2025-26 மாநில நிதிநிலை அறிக்கையில் முதியோருக்கு 25 அன்புச்சோலை பகல்நேர மையங்கள் அறிவிக்கப்பட்டன. இரவு வீட்டுக்குத் திரும்பிவிடும் முதியோருக்கு ஏஜென்சிகள் என்ன செய்யலாம் என்று யோசிக்க அது ஒரு வாய்ப்பு.

மறுமொழி: முன்னாள் தொழில் சங்க நிர்வாகி

செவிலியர் அம்மா எழுதியதற்குப் பின் தர ஏட்டைப் பற்றி நான் சேர்க்க வேண்டியது நடைமுறை மட்டுமே. இரண்டு நிலைகளாக வையுங்கள். சட்டப்படியான பதிவுகள், பதிவேடுகள், குடும்பத்தாரோடு எழுத்து ஒப்பந்தம் ஆகியவை அடிப்படை நிலை; புதிதாகச் சேருபவர் ஓராண்டுக்குள் அதை எட்ட வேண்டும், எட்டச் சங்கம் துணை நிற்க வேண்டும். செவிலியர், சாய்தளம், மறதிநோய் உள்ளவர்களுக்குத் தனிப் பகுதி போன்றவை மேல்நிலை, விரும்பியவர் எடுத்துக்கொள்ளலாம். சரிபார்ப்புக்கு ஒரு மாவட்டத்தாரை இன்னொரு மாவட்டத்துக்கு அனுப்புங்கள். திண்டுக்கல்காரர் மதுரை இல்லத்தைப் பார்க்கட்டும், மதுரைக்காரர் தேனிக்குப் போகட்டும். ஒரே தெருவில் போட்டியாளர்களாக இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் சரிபார்த்தால் பகை வளரும். உடன் ஒரு செவிலியரும், தொழிலுக்கு வெளியே இருந்து ஒருவரும் போக வேண்டும்.

பணம் பற்றி ஓர் எச்சரிக்கை. மருந்து, கருவி விற்பவர்கள் நன்கொடை தர முன்வருவார்கள். முதியோர் தின விழாவுக்கு வாங்குங்கள். தரத்தைச் சரிபார்க்கும் தரக்குழுவுக்கும், இல்லங்களைப் பற்றிய குறைகளைக் கேட்கும் புகார்க்குழுவுக்கும் அந்தப் பணம் ஒரு ரூபாயும் போகக் கூடாது. புகார்க்குழுவின் தலைவர் இல்லம் நடத்துபவராக இருக்கக் கூடாது என்பதையும் துணை விதியிலேயே எழுதிவிடுங்கள்.

மறுமொழி: செயலாளர்

இன்று மாலை செயற்குழு கூடியது. பட்டியலில் மூன்றை மட்டும் வைத்துக்கொள்வதாக முடிவாகியிருக்கிறது: தமிழில் மாதிரி ஒப்பந்தம், பதிவேடுகளோடு கூடிய அடிப்படைத் தரம், பராமரிப்பாளர் பயிற்சி. 25,000 ரூபாய் ஜிஎஸ்டி வரம்பு குறித்த மனு தனியே போகும். கட்டடமும் மாநாடும் நீக்கப்பட்டன. மாத இதழை நீக்க மூத்த உறுப்பினர் ஒருவர் உடன்படவில்லை, அவர் சொந்தப் பொறுப்பில் காலாண்டுக்கு ஒரு மடல் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். ஒப்பந்த வரைவுக் குழுவில் இரண்டு குடும்பத்தாருக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம். திருமங்கலம் அம்மா விரும்பினால் அவரை வரவேற்கிறோம். கணக்கர் ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி: உறுப்பினர் வகைகளையும் புகார்க்குழுவையும் சேர்க்கத் துணை விதிகளைத் திருத்தச் செயற்குழுத் தீர்மானம் போதுமா?

மறுமொழி: பட்டயக் கணக்கர்

போதாது. பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். கூட்ட அறிவிப்பிலேயே திருத்தத்தின் முழு வாசகமும், அது சிறப்புத் தீர்மானம் என்ற குறிப்பும் இருக்க வேண்டும். நிறைவேறியபின் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்து பதிவானால்தான் திருத்தம் செல்லும். உங்கள் ஆண்டுக் கணக்குகளும் நிர்வாகிகள் பட்டியலும் பதிவாளரிடம் நிலுவையின்றித் தாக்கலாகியிருக்கின்றனவா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். நிலுவை இருந்தால் திருத்தமும் அங்கேயே தங்கிவிடும்.

மறுமொழி: இல்லத்தில் வாழும் ஒருவரின் மகள், திருமங்கலம்

வரைவுக் குழுவுக்கு வருகிறேன். டெபாசிட்டில் எதைக் கழிக்கலாம், எத்தனை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், இல்லத்தில் வாழ்பவர் இறந்துவிட்டால் தொகை யாருக்குப் போகும் என்ற மூன்றையும் முதல் கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.